தடை தாண்டினால் சுரம் பிறக்கட்டும்

2008ஆம் ஆண்டு லண்டன் கிரீனிச் பகுதியில் ‘ரன் டு த பீட்’ என்றொரு அரை மாரத்தான் தொடங்கியது. 21 கிலோமீட்டர் பாதையில் ஆங்காங்கே மேடை போட்டு இசை ஒலிக்கவிட்டார்கள். இசை விஷயத்தில் ஆலோசனை சொன்னவர், மேற்கு லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு உளவியலாளர் கோஸ்டாஸ் கராஜோர்கிஸ். நான்கு ஆண்டுகள் கழித்து இதே நகரத்தின் ‘சிக்ஸ் டு ஸ்டார்ட்’ நிறுவனம், நாவலாசிரியர் நவோமி ஆல்டர்மனுடன் சேர்ந்து ‘சோம்பீஸ், ரன்!’ என்ற ஆப்பை வெளியிட்டது. போனைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் ஓட வேண்டும். காதில் ஒரு கதை நகரும், கதைத் துண்டுகளுக்கு நடுவே நம் பாட்டுகளே ஒலிக்கும், நடைப்பிணங்களின் முனகல் நெருங்கினால் வேகத்தைக் கூட்டித் தப்பிக்க வேண்டும். இரண்டுமே நல்ல முயற்சிகள். ஆனால் இரண்டிலும் ஓடுகிறவருக்கு இசை பரிமாறப்படுகிறது. அவர் பங்குக்கு ஒரு சுரம்கூடப் போடுவதில்லை. ஓட்டத்தையும் இசையையும் சேர்த்து எளிய விளையாட்டு ஒன்று செய்ய நினைப்பவர்கள் முதலில் இந்தத் திசையைத் திருப்ப வேண்டும் என்பதே என் கட்சி. பாட்டுக்கு ஏற்ப ஓடியது போதும், ஓட்டத்திலிருந்து பாட்டு பிறக்கட்டும்.

திரையில் ஓடும் விளையாட்டுகளின் கதையும் இதுதான். ஜப்பானில் மசாயா மாட்சுரா 1999இல் உருவாக்கிய ‘விப் ரிப்பன்’ இந்த வகையின் முன்னோடி. கறுப்புத் திரை, அதில் ஒரு வெள்ளைக் கோடு, கோட்டின் மேல் நடக்கும் ஒரு முயல், அவ்வளவுதான். விளையாடுபவர் தன் வீட்டு இசை சிடியை உள்ளே போட்டால் அந்தப் பாட்டை அலசி, கோட்டில் பள்ளமும் மேடும் சுழியும் முளைக்கும். தவறு செய்துகொண்டே போனால் முயல் தவளையாகும், பிறகு புழுவாகும். 2009இல் ஆடம் சால்ட்ஸ்மன் ஒரே ஒரு பொத்தானை வைத்து ‘கனபால்ட்’ செய்தார். கூரை விட்டுக் கூரை தாவும் ஓட்டம். பிறகு செல்போனில் பெருகிய ஓயாத ஓட்ட விளையாட்டுகளுக்கு வழிகாட்டி அதுவே. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் முதன்முதலாகச் சேகரித்த 14 வீடியோ கேம்களில் இவை இரண்டும் உண்டு. 2013இல் சுவீடனிலிருந்து வந்த ‘ஜியாமெட்ரி டேஷ்’ இரண்டையும் கலந்தது: தாளத்தோடு தாவ வேண்டும், முள்ளில் இடித்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து. வடிவமைப்பில் மூன்றும் சிக்கனத்தின் அழகு கொண்டவை, மறுக்கவில்லை. இருந்தாலும் விப் ரிப்பனில் பாட்டு தடைகளை உருவாக்குகிறது, கனபால்ட்டில் பாட்டு பின்னணியில் ஓடுகிறது, ஜியாமெட்ரி டேஷில் பாட்டு கட்டளையிடுகிறது. எதிலும் விளையாடுபவர் இசைக்குச் சொந்தக்காரர் இல்லை. நம் சடுகுடுவை இங்கே நினைத்துக்கொள்ளலாம். எதிரணிக் களத்துக்குள் பாய்கிறவர் பாட்டைத் தன் மூச்சிலேயே பிடித்துக்கொண்டு போக வேண்டும்; குரல் அறுந்தால் ஆட்டம் போச்சு. ஓட்டமும் ஒலியும் ஒரே உடம்பிலிருந்து வர வேண்டும் என்ற விதியை ஊர்ப் பிள்ளைகள் எந்த நிறுவனமும் சொல்லித்தராமலே வைத்திருந்தார்கள்.

இந்த வேறுபாடு வெறும் ரசனைச் சண்டை இல்லை, ஆய்வுச் சான்றும் உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் தாமஸ் ஃபிரிட்ஸ் குழுவினர் உடற்பயிற்சிக் கருவிகளில் உணரிகளைப் பொருத்தி, கருவியை இழுப்பதும் தள்ளுவதும் இசையை உண்டாக்கும்படி செய்தார்கள். அதே கருவிகளில் இசையை வெறுமனே கேட்டுக்கொண்டு பயிற்சி செய்தபோது என்ன நடக்கிறது என்பதையும் பார்த்தார்கள். தாமே இசையை உண்டாக்கியபோது பங்கேற்றவர்கள் உணர்ந்த களைப்பு குறைவாக இருந்தது. 2013இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் இது வெளியானது. அங்கே வியர்வை சிந்தினார்கள், செல்போனில் கட்டைவிரல்தானே அசைகிறது என்று கேட்டால் நியாயம்தான். கட்டைவிரலுக்குக் களைப்பு குறையும் என்று நான் வாதாட வரவில்லை. கேட்பதும் உண்டாக்குவதும் மனித மனத்துக்கு ஒன்றல்ல என்பதே அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

அப்படியானால் விளையாட்டு எப்படி இருக்கும்? ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தை ஓட்டப்பாதையாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 120 அடி என்றால் எட்டு அட்சரத்துக்கு நான்கு விநாடி. ஓர் அட்சரத்தை நான்காகப் பிரித்தால் பாதையில் 32 இடங்கள். தொடக்கத்தில் பாதை வெறுமையாக இருக்கும், தாளம் மட்டும் கேட்கும். ஓடும் உருவம் நான்கு விநாடிக்கு ஒருமுறை பாதையைச் சுற்றி வரும். விளையாடுபவர் எந்த இடத்தில் தாவுகிறாரோ அங்கே ஒரு சுரம் ஒலிக்கும், அதே இடத்தில் ஒரு கல்லும் முளைக்கும். சிறிய தாவலுக்கு ஷட்ஜம், நெடிய தாவலுக்கு பஞ்சமம், இன்னும் நெடியதற்கு தைவதம் என்று மொத்தம் ஐந்து சுரங்களை வைக்கலாம். அடுத்த சுற்றில் அந்தக் கல் தடையாக நிற்கும். தாண்டினால் சுரம் மறுபடி ஒலிக்கும். இடறினால் கல் உடைந்து அந்தச் சுரம் பாட்டிலிருந்து காணாமல் போகும். புதிதாக ஒன்று சேர்ப்பதா, இருப்பதைக் காப்பாற்றுவதா என்ற கேள்வி நான்கு விநாடிக்கு ஒருமுறை எழும். பேராசைப்பட்டுக் கற்களை நெருக்கி நட்டால் காலூன்ற இடம் இருக்காது, ஆகவே மௌனத்துக்கும் இடம் விட வேண்டிவரும். இங்கே கடினத்தின் அளவைத் தீர்மானிப்பது நிறுவனம் எழுதிய நிலைகள் இல்லை, விளையாடுபவரின் சொந்தக் கற்பனை. எட்டுச் சுற்று தாக்குப்பிடித்த மெட்டு சேமிக்கப்பட்டு, அடுத்த வெறும் பாதைக்கு அடியில் மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தால் போதும். நாணயம், புள்ளி, பதக்கம் எதுவும் தேவையில்லை. சோம்பீஸ், ரன்! ஆப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஏட்ரியன் ஹான், புள்ளியும் பதக்கமும் மனிதரை ஆட்டிவைக்கும் கருவிகளாகிவிட்டதைப் பற்றி 2022இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

தொழில்நுட்பத்தில் பெரிய தலைவலி தாமதம். புளூடூத் இயர்போன்களில் விரல் பட்டதற்கும் ஒலி கேட்பதற்கும் நடுவே விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இடைவெளி விழுவது சாதாரணம். மேலே சொன்ன கணக்கில் ஒவ்வோர் இடமும் எட்டில் ஒரு விநாடிதான் என்பதால், அடித்த சுரம் பக்கத்து வீட்டில் போய் விழும். ஆயத்தப் பாட்டுக்கு ஏற்பத் தாவும் கேம்களில் பாட்டைச் சற்று முன்கூட்டியே அனுப்பிச் சமாளிக்கலாம். இசை உண்டாக்கும் கேமில் அது முடியாது. விளையாடுபவர் எப்போது அடிப்பார் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? சுழன்று வரும் பாதைதான் இங்கே கைகொடுக்கிறது. முதல் தாவலுக்கு ஒரு மெல்லிய தட்டு ஒலி போதும். தாமதத்தைக் கழித்து, சுரத்தை அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டால் நான்கு விநாடி கழித்து அது கச்சிதமாக வந்து நிற்கும்.

தோற்றால் செத்துப்போகாத விளையாட்டில் விறுவிறுப்பு ஏது என்பது முதல் ஆட்சேபம். தான் போட்ட சுரம் அடுத்த சுற்றில் ஒலிக்காமல் போவது கண்ணெதிரே தெரியும், காதிலும் விழும். யாரோ எழுதிய முள்ளில் இடித்துத் திரும்பத் தொடங்குவதைவிட அந்த இழப்பு அதிகம் உறுத்தும் என்றே நினைக்கிறேன். இரண்டாவது ஆட்சேபம் கனமானது: ஐந்து சுரத்தை மட்டும் கொடுத்துவிட்டு, எதை அழுத்தினாலும் இனிக்கும்படி செய்தால் அது இசையாக்கம் ஆகுமா? ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் வகுத்த கல்விமுறையில், குழந்தைகளிடம் தரும் சைலஃபோனிலிருந்து எஃப், பி என்ற இரண்டு கட்டைகளைக் கழற்றிவிடுவது வழக்கம். மிஞ்சுவது ஸ ரி க ப த. அப்படியே நம் மோகனம். அபசுரம் பற்றிய பயத்தைக் கழற்றிவிட்டால் குழந்தை தாளத்திலும் வடிவத்திலும் கவனம் வைக்கும், கட்டைகளைப் பிறகு திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் நியாயம். விளையாட்டிலும் மத்திமத்தையும் நிஷாதத்தையும் தாமதமாகத் திறந்துவிடலாம். இப்படிப்பட்டதை யார் வாங்குவார்கள் என்று கேட்பவர்கள் 2015இல் வந்த ‘சூப்பர் மாரியோ மேக்கர்’ பக்கம் பார்க்கட்டும். தடைப்பாதை கட்டக் கொடுத்த இசைக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, மாரியோ முன்னேற முன்னேற முழுப் பாட்டே ஒலிக்கும் பாதைகளை ஆட்டக்காரர்கள் குவித்தார்கள். கூடவே ஒரு வணிகச் செய்தி: ஆயத்தப் பாட்டு இல்லை என்றால் உரிமக் கட்டணமும் இல்லை. சிறிய நிறுவனத்துக்கு இது லேசான சுமை இறக்கம் இல்லை.

வார இறுதியில் பிள்ளைகளை மிருதங்கத்துக்கும் வீணைக்கும் அழைத்துச் செல்லும் லண்டன் தமிழ்ப் பெற்றோர், வாத்தியம் இருக்கத் திரை எதற்கு என்று கேட்கக்கூடும். வாத்தியத்துக்கு மாற்றாக இதை நான் வைக்கவில்லை, மற்றொரு ஓட்ட கேமுக்கு மாற்றாகவே வைக்கிறேன். நம் பயிற்சிமுறை சரளி வரிசை, கீதம், வர்ணம் என்று படிப்படியாக ஏறுகிறது. கற்பனைச்சுரம் பாட ஆண்டுகள் ஆகும். அதற்குக் காரணம் உண்டு, அதை மாற்றச் சொல்லவும் இல்லை. ஆனால் பல பிள்ளைகள் அந்தப் படியை எட்டுமுன்பே வகுப்பை விட்டுவிடுகிறார்கள், சொந்தமாக ஒரு மெட்டைப் போட்டுப் பார்த்த ருசியை அறியாமலே. இங்கிலாந்தின் ஜிசிஎஸ்இ இசைத் தேர்வில் இசையமைப்புக்கு மட்டும் 30 சதவீத மதிப்பெண் என்பதையும் பெற்றோர் கவனிக்கலாம்.

இதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். பிபிசி 2016இல் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்குச் சுமார் பத்து லட்சம் ‘மைக்ரோபிட்’ என்ற சிறு கணினிப் பலகைகளை வழங்கியது. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒலிபெருக்கியும் பலகையிலேயே இருக்கிறது, எனவே புளூடூத் தொல்லை இல்லை. முகப்பில் ஐந்துக்கு ஐந்து என 25 விளக்குகள். ஐந்து வரிசைக்கு மோகனத்தின் ஐந்து சுரங்கள் சரியாகப் பொருந்தும். அசைவை அறியும் உணரியும் உள்ளே இருப்பதால், பலகையை இடுப்பில் கட்டிக்கொண்டு நிஜமாகவே குதிக்கும் விளையாட்டாகவும் செய்யலாம். லைப்சிக் ஆய்வுக்கு அது இன்னும் நெருக்கம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளை நடத்துபவர்களும், கணினித் துறையில் இருக்கும் பெற்றோரும் வரும் பருவத்தில் சில வகுப்புகளை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு மேசையில் மிருதங்கம் படிக்கும் பிள்ளையையும் நிரல் எழுதத் தெரிந்த பிள்ளையையும் சேர்த்து உட்கார வையுங்கள். கற்கள் எங்கே முளைக்க வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.