பயிற்சியாளரை மாற்றினால் போதுமா?

பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் 2023 டிசம்பர் 8-ந் தேதி இரவு, மும்பை சிட்டி அணி 4 கோல் போட்டது. பெங்களூர் எப்.சி. ஒன்றுகூடப் போடவில்லை. மறுநாள் பயிற்சியாளர் சைமன் கிரேசன் பதவியில் இல்லை.

ரசிகர்கள் பலர் விரும்பியது நடந்துவிட்டது. ரெனடி சிங் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அதே மாதத்தில் ஸ்பெயின் நாட்டிலிருந்து ஜெரார்ட் சரகோசா வந்து சேர்ந்தார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அல்சூரிலும் ஆஸ்டின் டவுனிலும் டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். ஆனால் சீசன் முடிந்தபோது 12 அணிகளில் பெங்களூருக்குக் கிடைத்தது 10-வது இடம்.

அடுத்த சீசனிலும் அதே சரகோசாதான். அந்த முறை அணி 3-வது இடம் பிடித்தது. 2025 மார்ச் 29-ந் தேதி, அதே கண்டீரவாவில், அதே மும்பை சிட்டியை 5-0 என்று விரட்டியது. கோவா அணியையும் தாண்டி இறுதி ஆட்டம் வரை போனது. ஏப்ரல் 12-ந் தேதி கல்கத்தாவில் கூடுதல் நேரத்தில் மோகன் பகானிடம் 1-2 என்று தோற்றது.

பயிற்சியாளர் ஒருவர்தான், விளைவு இரண்டு. நடுவே மாறியது என்ன? ஆட்டக்காரர்கள் மாறினார்கள். 2024 கோடையில் நொகுவேரா, பெரைரா டயஸ், எட்கர் மெண்டஸ், பெட்ரோ காப்போ ஆகியோர் வந்தார்கள். முன்பு இங்கே ஆடிவிட்டுப் போன ராகுல் பேக்கே திரும்பி வந்தார்.

தோற்கும்போதெல்லாம் பயிற்சியாளரின் தலையைக் கேட்பது ரசிகர்களின் வழக்கம். அதில் தவறு இல்லை. டிக்கெட் வாங்கியவனுக்குக் கோபப்பட உரிமை உண்டு. ஆனால் இந்த அணியின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், கோபம் வேறு இடத்தில் விழுந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நிலையாக இருந்த காலம்

ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் 2013 ஜூலையில் இந்த அணியைத் தொடங்கியது. முதல் பயிற்சியாளர் இங்கிலாந்தின் ஆஷ்லி வெஸ்ட்வுட். முதல் சீசனிலேயே ஐ-லீக் சாம்பியன் பட்டம்! அசோக்நகரில் உள்ள பழைய கால்பந்து மைதானத்தின் மேற்குப் பகுதியில் நின்று கத்தியவர்கள்தான் பின்னர் "வெஸ்ட் பிளாக் புளூஸ்" என்ற பெயரில் பெரிய ரசிகர் கூட்டமாக வளர்ந்தார்கள். அணி கண்டீரவாவுக்குக் குடிபெயர்ந்தபோது, அவர்களும் கொடியோடும் கொட்டு முழக்கத்தோடும் கூடவே போனார்கள்.

இரண்டாவது சீசனின் கடைசி நாள் 2015 மே 31. பட்டம் பெற பெங்களூருக்கு வெற்றி தேவை. மோகன் பகானுக்கு டிரா போதும். ஜான் ஜான்சன் கோல் போட்டு பெங்களூர் முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருந்தபோது பெல்லோ ரசாக் தலையால் முட்டி சமன் செய்தார். சொந்த மைதானத்தில், சொந்த ரசிகர்களின் கண் முன்னால் பட்டம் பறிபோயிற்று.

இன்றைய வழக்கப்படி பார்த்தால் அதற்கே ஒரு பயிற்சியாளர் வீட்டுக்குப் போயிருப்பார். வெஸ்ட்வுட் போகவில்லை. அணியின் முக்கிய ஆட்டக்காரர்களும் கலையவில்லை. மறு ஆண்டு அதே பட்டம் திரும்பி வந்தது.

வெஸ்ட்வுட் 2016-ல் விடைபெற்றார். ஆல்பர்ட் ரோக்கா வந்தார். சில மாதங்களிலேயே ஏ.எப்.சி. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு அணி போனது. அந்த இடத்தை எட்டிய முதல் இந்திய அணி அதுதான். தோகாவில் ஈராக் விமானப்படை அணியிடம் 0-1 என்று தோற்றது வேறு விஷயம்.

இந்தியன் சூப்பர் லீக்கில் முதல் முறையாக ஆடிய 2017-18 சீசனில் பெங்களூர்தான் பட்டியலில் முதலிடம். ஆனால் 2018 மார்ச் 17-ந் தேதி கண்டீரவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னையின் எப்.சி. 3-2 என்று வென்றது. பெங்களூர்த் தமிழர் வீடுகளில் அன்றிரவு அப்பா ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. பிழைக்க வந்த ஊரா, பிறந்த ஊரா என்ற பழைய வழக்கு அன்று 90 நிமிடம் கால்பந்து வடிவத்தில் நடந்தது. வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் சென்னை அணியில் இருந்ததால், அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது இன்னும் கடினமாயிற்று.

அந்தத் தோல்விக்குப் பின் ரோக்கா போனார். அவருடைய உதவியாளர் கார்லஸ் குவாட்ராட் பதவிக்கு வந்தார். ஐந்து ஆண்டுகள் தூணாக நின்ற ஜான் ஜான்சனும் அப்போதுதான் விலகினார். ரசிகர்களுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் சுனில் சேத்ரி, குர்ப்ரீத் சிங், ஜுவானன், டிமாஸ் டெல்காடோ, எரிக் பார்தலு, மிக்கு, உதாந்தா சிங், பேக்கே, கப்ரா, நிஷு குமார் ஆகியோர் அப்படியே இருந்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 2019 மார்ச் 17-ந் தேதி, மும்பையில் பேக்கேயின் ஒரே கோலால் கோவாவை வென்று பட்டம் எடுத்தார்கள்.

பயிற்சியாளர் மாறினார், அணி மாறவில்லை, பட்டம் வந்தது. இதைக் கவனித்துக்கொண்டு மேலே போகலாம்.

கலைந்த அணி

2021 ஜனவரியில், தொடர்ந்து 3 தோல்விக்குப் பிறகு குவாட்ராட் விலகினார். அப்போது கொரோனா காலம். ஆட்டங்கள் எல்லாம் கோவாவில், பார்வையாளர் இல்லாமல் நடந்தன. ரசிகர்கள் கோபத்தையும் வருத்தத்தையும் வீட்டில் டெலிவிஷன் பெட்டியிடம்தான் காட்ட முடிந்தது. நவ்ஷாத் மூசா மீதி ஆட்டங்களைக் கவனித்தார். அணி 7-வது இடத்தில் முடிந்தது.

அந்த ஆண்டு கோடையில் நடந்ததுதான் முக்கியம். ஜுவானன், டிமாஸ், பார்தலு மூவரும் போனார்கள். பேக்கே மும்பைக்கு, கப்ரா கேரளாவுக்கு. நிஷு குமார் அதற்கு முந்தைய ஆண்டே கேரளாவுக்குப் போய்விட்டார். புதிதாக வந்த ஜெர்மானியப் பயிற்சியாளர் மார்கோ பெசையோலியின் கையில் கிடைத்தது பட்டம் வென்ற அணி அல்ல, அதன் சட்டை மட்டும்தான் என்றுகூடச் சொல்லலாம். 6-வது இடத்தோடு அவர் ஊர் திரும்பினார்.

2022-ல் கிரேசன் வந்தார். அவரோடு ராய் கிருஷ்ணா, சந்தேஷ் ஜிங்கன், பிரபிர் தாஸ், ஜாவி ஹெர்னாண்டஸ் வந்தார்கள். ஆஷிக் குருணியன் கல்கத்தாவுக்குப் போனார். செப்டம்பரில் டூரண்டு கோப்பை கிடைத்தது. ஆனால் லீக்கில் முதல் 12 ஆட்டங்களில் 10 புள்ளிகள்தான். புது முகங்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள நேரம் பிடித்தது. அப்போதும் "ஆளை மாற்று" என்ற முணுமுணுப்பு எழுந்தது. நிர்வாகம் பொறுத்துக்கொண்டது. மீதி 8 ஆட்டங்களிலும் வெற்றி! 24 புள்ளிகள்! இறுதி ஆட்டத்தில் டை-பிரேக்கரில்தான் அணி தோற்றது.

அதோடு அந்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். 2023 கோடையில் ஜிங்கன் கோவாவுக்கும், ராய் கிருஷ்ணா ஒடிசாவுக்கும், பிரபிர் தாஸ் கேரளாவுக்கும் போனார்கள். 2014 முதல் இங்கேயே இருந்த உதாந்தாவும் கோவாவுக்குப் போனார். ஓராண்டில் கட்டிய வீட்டை ஓராண்டிலேயே பிரித்தாயிற்று. டிசம்பர் வந்தது, 0-4 வந்தது, பழி கிரேசன் தலையில் விழுந்தது.

பயிற்சியாளர் மீது பழியே இல்லை என்று சொல்ல முடியாது. யாரை வாங்குவது, யாரை விடுவது என்பதில் அவருடைய யோசனையும் கேட்கப்படுகிறது. தவறான ஆளைத் தவறான இடத்தில் நிறுத்தினால் பொறுப்பு அவருடையதுதான். ஆயினும் பணப்பெட்டியின் சாவி அவரிடம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2021-22 சீசன் முதல் களத்தில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டவர்தான் ஆடலாம் என்று விதி வந்தது. அதற்கு முன் 5 பேர். ஆகவே 11 பேரில் 7 பேர் இந்தியர்கள். வெளிநாட்டு முன்கள ஆட்டக்காரர் ஒருவர் போனால் ஸ்பெயினிலோ அர்ஜென்டினாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இன்னொருவரைத் தேடிப் பிடிக்கலாம். ஜிங்கனைப் போன்ற இந்தியப் பின்கள ஆட்டக்காரர் நாடு முழுவதும் தேடினாலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் கிடைப்பார்கள். அவர்களுக்காக எல்லா அணிகளும் போட்டி போடுகின்றன. விமான நிலையத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுக்காரருக்கு மாலை போடும் ரசிகர்கள், அதே வாரத்தில் சத்தமின்றி வெளியேறும் இந்தியரைக் கவனிப்பதில்லை. தோல்வி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

உள்ளூர்ப் பையன் எங்கே?

தமிழர் வாழும் பேட்டைகளில் கேட்கும் குறை இன்னும் பழையது. கால்பந்து இந்த ஊருக்கு 2013-ல் வந்த விருந்தாளி அல்ல. பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி 1937-லும் 1938-லும் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்டவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கொண்டாடிய அகமத் கான் இந்த ஊர்க்காரர். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர கால்பந்தே ஒரு வழியாக இருந்த காலம் உண்டு. அல்சூர் கவுதமபுரத்தில் பீலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பல வீடுகளில் தமிழ் பேசும் அந்தப் பேட்டையில் பந்து உதைக்காத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரின் அணியில் உள்ளூர்ப் பெயர் எத்தனை? முதல் ஆண்டுகளில் சங்கர் சம்பங்கிராஜ் ஆடினார். 2024 செப்டம்பர் 14-ந் தேதி ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், பெங்களூர் இளைஞர் வினித் வெங்கடேஷ் வெற்றி கோலைப் போட்டார். கண்டீரவா அன்று அதிர்ந்தது. ஆனால் இந்தப் பட்டியல் நீளமானதல்ல.

2023 மார்ச் 3-ந் தேதி சேத்ரி அவசரமாக உதைத்த பிரீ-கிக் கோலாகி, கேரள அணி ஆட்டத்தை விட்டே வெளிநடப்புச் செய்ததை நாடே பேசியது. மறுநாள் ரியாத்தில் கர்நாடக அணி 54 ஆண்டுகளுக்குப் பிறகு சந்தோஷ் கோப்பையை வென்றது. அந்தப் பையன்களைப் பற்றி டீக்கடையில் எத்தனை பேர் பேசினார்கள்?

வேலைக்காக வந்து போகும் வெளியூர் ஆட்டக்காரர் நல்ல விலை கிடைத்தால் போவார். அதைக் குறை சொல்ல முடியாது. நம்மில் எத்தனை பேர் அப்படித்தான் ஊர்விட்டு ஊர் வந்தோம். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அணி கலைவதைத் தடுக்க வேண்டுமானால், போக மனமில்லாத பத்துப் பேராவது அணியில் இருக்க வேண்டும். 2013-ல் வந்த சேத்ரி, இடையில் குறுகிய காலம் மும்பைக்கு இரவலாகப் போனது தவிர, இந்த அணியை விடவில்லை. 2024-25-ல் 40 வயதில் 14 கோல் போட்டார். அவர் ஒருவரையே எத்தனை ஆண்டுகளுக்குக் காட்டிக்கொண்டிருப்பது?

ரசிகரின் குரல்

ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. பார்சிலோனாவில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே ரசிகர் டிக்கெட் வாங்கலாம், சட்டை வாங்கலாம், கத்தலாம். யாரை விற்றார்கள், ஏன் விற்றார்கள் என்று கேட்க இடம் இல்லை. கேட்க முடியாத கேள்விகளெல்லாம் சேர்ந்துதான் பயிற்சியாளர் மீது விழுகின்றன. கண்ணுக்குத் தெரிவது மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் அவர் ஒருவர்தானே.

2025-ல் அந்தக் கோபத்துக்கும் இடமில்லாமல் போயிற்று. அகில இந்திய கால்பந்து சம்மேளனமும் லீக்கை நடத்தும் நிறுவனமும் 2010-ல் செய்த 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது, புதுப்பிப்பதில் இழுபறி. ஜூலையில் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. இறுதி ஆட்டம் ஆடிய நான்கே மாதத்தில், ஆகஸ்டு தொடக்கத்தில், முதல் அணியின் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக பெங்களூர் எப்.சி. அறிவித்தது. பயிற்சியாளர் யார் என்று சண்டை போட்டவர்கள், அணி இருக்குமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். லீக் ஒருவழியாக 2026 பிப்ரவரியில், சுருக்கப்பட்ட வடிவத்தில் தொடங்கியது.

அந்த ஆகஸ்டு அறிவிப்பில் பலரும் படிக்காமல் விட்ட ஒரு வரி உண்டு. ஆண்கள், பெண்கள் இளையோர் அணிகளும் சிறுவர் கால்பந்துப் பள்ளிகளும் வழக்கம்போல் நடக்கும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. வினித் வெங்கடேஷ் வந்தது அந்த இளையோர் அணிகளின் வழியாகத்தான்.