பதினொரு கைகள்

இந்த வாரம் வாட்ஸப்பில் ஒரு புகைப்படம் வந்தது. நடுவில் ஐந்து கிலோ அரிசிப் பை. அதைப் பதினொரு கைகள் பிடித்திருக்கின்றன. ஒற்றைப்படையாக வருகிறதே என்று திரும்ப எண்ணினேன். சரிதான், கொடுப்பவர்களில் ஒருவர் மறு கையால் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். வாங்குகிற அம்மாவின் கைகளைத் தேடினேன். பைக்கு அடியில் இருந்தன. மற்ற ஒன்பது கைகளும் பையின் ஓரங்களைத் தொட்டுக்கொண்டிருக்க, முழுக் கனமும் அந்த இரண்டில்தான். பின்னால் ஃப்ளெக்ஸ். வடசென்னையில் நலிந்த குடும்பங்களுக்கு ஒரு சமய அறக்கட்டளை நடத்திய விழாவாம். எந்தச் சமயம் என்று சொல்ல மாட்டேன். எல்லாச் சமயத்தாரும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டால் நல்லது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் அடுத்து எங்கே போவேன் என்று தெரியும். ஆமாம், டியூப் லைட். கோயில் பிராகாரத்தில் தொங்கும் டியூப் லைட்டின் மேல் ‘உபயம்’ என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர், கடை என்று பெயின்டால் எழுதி, வெளிச்சம் வருவதற்கு இரண்டு அங்குலம் மட்டும் விட்டுவைக்கும் அந்தக் கலையைப் பற்றி இங்கே ஏற்கெனவே நிறையப் புலம்பியிருக்கிறேன். ஒருமுறை கோவில்பட்டி வாசகர் ஒருவர் எழுதினார்: “பெயர் எழுத விடாவிட்டால் அந்த லைட்டே வராது, பரவாயில்லையா?” நியாயமான கேள்வி. இருட்டில் நிற்பதைவிட, மளிகைக்கடைக்காரர் பெயரின் இடுக்கில் வருகிற வெளிச்சத்தில் சாமி கும்பிடுவது மேல்தான். அதைக்கூட விட்டுவிடலாம். டியூப் லைட்டுக்குக் கூச்சம் கிடையாது. அரிசி வாங்குகிறவருக்கு உண்டு.

மொய்யை இதனுடன் சேர்க்காதீர்கள். மைக்கில் பெயரைச் சொல்லி நோட்டில் எழுதுவது மொய்யில் முறைதான், ஏனென்றால் அது திரும்பப் போக வேண்டிய பணம். கணக்கு வேண்டும், சாட்சியும் வேண்டும். தர்மத்துக்கு எதற்கு சாட்சி?

எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் படத்தைக் காட்டினேன். இதே மாதிரி ஒரு விழாவுக்கு அவரும் போயிருக்கிறார். முதல் நாள் ராத்திரியே டோக்கன் வாங்க வேண்டும். ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ். காலை ஒன்பது மணிக்கே மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வந்தபோது பன்னிரண்டரை. அவருக்குப் பொன்னாடை, அவர் பேச்சு, அவருக்கு முன்னால் பேச வேண்டியவர்கள், பின்னால் பேச வேண்டியவர்கள். “இலவசம்னு சொல்றாங்க சார். ரெண்டு வீட்டு வேலை போச்சு, ஷேர் ஆட்டோ, ஜெராக்ஸு. கணக்குப் போட்டுப் பார்த்தா என் காசுலதான் அந்த அரிசிய வாங்கினா மாதிரி இருக்கு” என்றார். அதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்கு அங்கே அவரை எடுத்த படம் மட்டும் சிரிப்பில் வரவில்லை. அது யார் யார் கைக்கோ போய், கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் அவருடைய சின்ன மகளிடமே காட்டியிருக்கிறாள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். இப்போது செல்போன் இருப்பதே இடது கையில்தானே.

வடசென்னை விழாவைப் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் எரிச்சலில் எதையோ தேடப் போய், 1833-ஆம் ஆண்டுப் பாரிஸில் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்து திரும்பி வர மனமில்லை.

பாரிஸ் என்றதும் ஐஃபிள் கோபுரத்தை நினைக்காதீர்கள், அது வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. நான் சொல்வது முஃப்தார் தெருவை ஒட்டிய சேரிப் பகுதி. நகரத்துக்குள்ளேயே இருந்த இன்னொரு நகரம். தோல் பதனிடுபவர்களும் கந்தல் பொறுக்குபவர்களும் ஒற்றை அறைகளில் அடைந்து கிடந்தார்கள். பக்கத்திலேயே பியேவ்ர் என்ற சிற்றாறு, தோல் தொட்டிகளின் கழிவெல்லாம் கலந்து நாறிக்கொண்டு ஓடியது. நம் கூவத்துக்கு அக்கா என்றே சொல்லலாம். நாற்றம் தாங்காமல் பிற்பாடு அந்த ஆற்றை மூடியே விட்டார்கள். 1832-இல் வந்த காலரா பாரிஸில் மட்டும் 18,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. இந்த மாதிரிப் பகுதிகளில்தான் சாவு அதிகம்.

அதற்கு முந்தைய வருடம்தான் லியோன் நகரத்திலிருந்து ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற பையன் சட்டம் படிக்கப் பாரிஸ் வந்திருந்தான். கத்தோலிக்கப் பிடிப்பு, நல்ல நாக்கு. மாணவர்கள் கூடி வரலாறு பேசும் விவாதக் கூட்டம் ஒன்றில் கிறிஸ்தவம் உலகத்துக்குச் செய்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தான். எதிரணியில் ஒருவன் கேட்டானாம்: அதெல்லாம் அந்தக் காலம், இன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நம் பட்டிமன்றமாக இருந்தால் இதற்கு ஒரு குட்டிக்கதையும் கைதட்டலும் போதும். ஓசானாமிடம் பதில் இல்லை. அன்றைக்கே அவனும் நண்பன் ஒருவனும் தங்கள் அறையில் மிச்சமிருந்த விறகைத் தூக்கிக்கொண்டு ஓர் ஏழை வீட்டுக்குப் போனார்கள் என்று ஒரு கதை உண்டு.

1833 ஏப்ரல் 23, ஓசானாமின் இருபதாவது பிறந்தநாள். ஆறு மாணவர்கள், எம்மானுவேல் பாயி என்ற பத்திரிகைக்காரரின் அலுவலகத்தில் கூடினார்கள். பையன்கள் எல்லோரும் 19 முதல் 23 வயதுக்குள். பாயி மட்டும் நாற்பதை நெருங்கியவர், அதனால் அவரையே தலைவராக்கினார்கள். எந்த வீட்டுக்குப் போவது, என்ன கொடுப்பது, யாருக்கும் தெரியவில்லை. பாயி அவர்களை ஒரு கன்னியாஸ்திரீயிடம் அனுப்பினார்.

என்னைத் திரும்ப விடாதவர் இவர்தான். ரோசலி ராந்து. மலைநாட்டிலிருந்து பதின்வயதில், 1802-இல் பாரிஸ் வந்தவர். வந்து சேர்ந்த முஃப்தார் பகுதியை விட்டு ஐம்பது வருடத்துக்கும் மேல் நகரவே இல்லை. பள்ளிக்கூடம், மருந்தகம், வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்குக் காப்பகம், முதியோருக்கு ஓர் இல்லம் என்று ஒவ்வொன்றாகக் கட்டினார். அதைவிட முக்கியம், எந்தச் சந்தில் எந்த மாடியில் யார் படுத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். வந்து நின்ற பையன்களிடம் குடும்பங்களின் பட்டியலைக் கொடுத்தார். ரொட்டிக்கும் இறைச்சிக்குமான சீட்டுகளையும் கடனாகக் கொடுத்தார், இவர்கள் சொந்தமாக அச்சடித்துக்கொள்ளும்வரை. சீட்டை வாங்க யாரும் இவர்களிடம் வர வேண்டாம், இவர்கள்தான் கொண்டுபோக வேண்டும். படியேறிப் போய், உட்கார்ந்து, பேசி, கொடுத்துவிட்டு வர வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள், அதட்டாதீர்கள் என்பதுதான் அவர் சொல்லி அனுப்பியதன் சாரம். சட்டம் படிக்கிற இருபது வயதுப் பையன்களுக்கு இதைவிடக் கடினமான பாடம் இருந்திருக்காது.

இப்படித் தொடங்கிய சங்கத்துக்கு அவர்கள் தங்கள் பெயரை வைக்கவில்லை. 170 வருடத்துக்கு முன்பே இறந்துபோன வின்சென்ட் தே பவுல் என்ற பாதிரியாரின் பெயரை வைத்தார்கள். பின்னாளில் ஓசானாம் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, தாந்தேயை ஆராய்ந்து புத்தகமும் எழுதிப் புகழ்பெற்றபோது, நிறுவனர் நீங்கள்தானே என்று கேட்டவர்களிடம், நான் மட்டுமில்லை என்று மறுத்துக்கொண்டே இருந்தார். 1853-இல், நாற்பது வயதில் இறந்துபோனார். ரோசலிக்கு மூன்றாம் நெப்போலியன் 1852-இல் லீஜியன் ஆஃப் ஆனர் விருது கொடுத்தபோது, வேண்டாம் என்று சொல்லவே அவர் தயாராக இருந்தார். அவருடைய துறவறச் சபையின் மேலதிகாரி வற்புறுத்தித்தான் வாங்க வைத்தார். டியூப் லைட்டில் எழுதாதவர்களும் உண்டு என்று கோவில்பட்டி அன்பர் குறித்துக்கொள்ளவும்.

வீட்டுக்குப் போவதே புனிதம் என்று நான் உருகுவதாக நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் வருகிறவனுக்குக் கண் உண்டு. டிவி இருக்கிறதா, மூலையில் பாட்டில் இருக்கிறதா, இந்தப் பெண்ணுக்குப் புருஷன் எங்கே என்றெல்லாம் அது பார்க்கும். 1869-இல் லண்டனில் தர்மத்தை ஒழுங்குபடுத்தவென்றே ஒரு சங்கம் கிளம்பியது. அவர்களும் வீடு வீடாகப் போனார்கள். போய்க் கேள்வி கேட்டு, எழுதி வைத்து, இவர் உதவத் தகுந்தவர், இவர் தகாதவர் என்று பிரித்தார்கள். இன்றைய சமூகப் பணிப் படிப்பில் ஒரு பாதி அந்தக் குறிப்பேடுகளிலிருந்து வந்தது என்பார்கள். எனக்கென்னவோ, மண்டபத்தில் பன்னிரண்டரை வரை காத்திருப்பதே மேல் என்று தோன்றுகிறது. அங்கே மானத்துக்கு ஒருநாள்தான் சேதம். வாராவாரம் ஒருவர் வந்து குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தால் யார் தாங்குவார்கள்?

இந்தச் சந்தேகத்தோடுதான் எங்கள் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சரைப் பார்க்கப் போனேன். அவர் பங்குக் கோயிலின் வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறார். ஆறு பையன்கள் தொடங்கியது இப்போது சுமார் 150 நாடுகளில் இருக்கிறது, சென்னையில் பல பங்குகளிலும் இருக்கிறது. (ஒரு பெண் கைகாட்டித் தொடங்கிய சபைதான், ஆனாலும் ஆண்கள் சங்கமும் பெண்கள் சங்கமும் ஒன்றாவதற்கு 1967 வரை ஆனது. ரோசலி அம்மையார் சிரித்திருப்பார்.)

“குழம்புச் சட்டியத் திறந்து பார்ப்பீங்களா டீச்சர்?” என்றே கேட்டுவிட்டேன்.

“திறந்து காட்டுவாங்க சார். சாப்பிட்டுத்தான் போகணும்பாங்க. சாப்பிடாம வந்தா அடுத்த வாரம் பேச மாட்டாங்க” என்றார். வாங்குகிறவர் கொடுக்கவும் இடம் வேண்டும் என்பது அந்த லண்டன் சங்கத்தின் குறிப்பேட்டில் எங்கும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டேன். வாரம் ஒரு கூட்டம். தத்து எடுத்த குடும்பங்களுக்கு இரண்டிரண்டு பேராகப் போய்வந்தவர்கள் நிலவரம் சொல்வார்கள். ஒரு வீட்டில் ஃபீஸ், ஒரு வீட்டில் டயாலிசிஸ், ஒரு வீட்டில் வாடகை பாக்கி. அங்கே பேசியது அங்கேயே நிற்க வேண்டும். முடிவில் ஒரு துணிப்பை சுற்றி வரும், ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் நூறு போட்டார், யார் பத்து போட்டார், யார் வெறுங்கையை விட்டு எடுத்தார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. ‘ரகசியக் காணிக்கை’ என்று பெயர். வெறுங்கையை விடவும் அந்தப் பையில் உரிமை உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

ஆனால் டீச்சருக்கு இப்போது வேறு கவலை. அவர்கள் பார்த்துவந்த குடும்பங்களில் பாதி கூவக்கரையில் இருந்தவை. ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று குடிசைகளை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். 20 கிலோமீட்டருக்கும் அப்பால். பாரிஸிலும் இதுதான் நடந்தது. ரோசலி 1856-இல் இறந்தார். அடுத்த சில வருடங்களிலேயே ஓஸ்மான் என்ற நிர்வாகி நகரத்தை அழகாக்குவதற்காக அவர் நடந்த சந்துகளைப் பிளந்து மோன்ஜ் சாலையைப் போட்டான். அகலமான, அழகான சாலை, இன்றைக்கும் இருக்கிறது. சந்துகளில் இருந்தவர்கள் வாடகை குறைந்த விளிம்புகளுக்குப் போனார்கள். உள்நகரத்து ஏழைகளுக்கு உதவுவது எப்படி என்று நாம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவர்களை உள்நகரத்தில் யார் விட்டுவைத்தார்கள்?

“அந்தப் பக்கத்துப் பங்குல ஒப்படைச்சிடலாமே” என்றேன்.

“சொல்லிப் பார்த்தோம். புதுசா வர்றவங்ககிட்ட எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொல்லணுமே டீச்சர்ங்கிறாங்க. புருஷன் போனது, பையன் ஸ்டேஷனுக்குப் போனது, எல்லாத்தையும். எங்ககிட்ட ஒருதடவ சொல்லியாச்சு, அத்தோட முடிஞ்சது.” அதனால் மாதம் ஒருமுறை டீச்சரும் இன்னொரு அம்மாவும் பஸ் மாறிப் போகிறார்கள். அரிசியைச் சுமக்க முடியாது, அதனால் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். ஒரே கடையில் வாங்கினால் யாருக்கு என்று கடைக்காரர் ஊகித்துவிடுவார் என்று கடையை மாற்றி மாற்றி வாங்குகிறார்களாம்.

கிளம்பும்போது சொன்னார், “எழுதினா என் பேரப் போட்டுடாதீங்க. சபை பேரப் போடுங்க. ஆளு சேரல சார். இருக்கிறதிலேயே சின்னவருக்கு ஐம்பத்தெட்டு. அங்க எல்லாம் எட்டு மாடி, லிஃப்ட் எல்லா நாளும் ஓடாது. உங்க பத்தியப் படிக்கிறவங்கள்ல படி ஏறுற வயசுல யாராவது இருந்தா அனுப்புங்க.”