ஓ.டி. தாளும் பட்டமும்

ஜெயங்கொண்டத்திலோ அரியலூரிலோ பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரியொன்றில் பயிலும் கபடி வீரன், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியின் பொருட்டுப் பயிற்சி முகாம், ரயில் பிரயாணம், ஆட்டம் என்று வாரக்கணக்கில் வகுப்பைத் துறந்து திரும்பும்போது, 75 சதவிகித வருகைப் பதிவு என்ற விதியைத் தாண்ட அவனுக்குத் துணைநிற்பது, ஆடச் சென்ற நாட்களையும் வருகையாகக் கணக்கிடும் ‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி) என்னும் சலுகையே. பரீட்சை எழுதும் யோக்கியதையை அது காப்பாற்றிக் கொடுக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் கேளாமற்போன பாடங்களை அது கற்பித்துவிடுவதில்லையே! அதற்காக மதிப்பெண் வரம்பு விதிக்கலாமே என்றால், அமெரிக்காவில் 1983-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், முதலாண்டு மாணவன் களமிறங்குவதற்கு முக்கியப் பாடங்களில் நான்குக்கு இரண்டு என்ற சராசரியும் நுழைவுத் தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் வேண்டுமென்று விதித்தபோது, ஏழைக் கறுப்பின மாணவர்களையே அது அதிகம் பாதிக்கும் என்ற ஆட்சேபம் பலமாக எழுந்தது. நம் கிராமத்துப் பிள்ளைகளின் நிலைமையும் அதற்கு வெகுதூரத்தில் இல்லையாதலால், அத்தகைய மதிப்பெண் வேலியொன்றை இங்கே புதிதாக எழுப்ப வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் படிப்பைப் புறக்கணிக்கவும் இயலாது. அரியலூரிலிருந்து புறப்பட்டு 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்காக ஆடிய கார்த்தி செல்வத்தைப்போல உயர்ந்தவர் சிலரே. ஏனையோருக்குப் பட்டமே ஜீவனோபாயம். (விளையாட்டு ஒதுக்கீட்டில் உத்தியோகம் தேடினாலும், அப்பதவிக்குரிய கல்வித் தகுதி இருந்தே தீரவேண்டும்.) ஆகவே, ஓ.டி. தாளில் கையொப்பமிடும் முதல்வர்கள், திரும்பிவந்த மாணவனுக்கு மாலைநேரத் தனி வகுப்பும், தவறிய அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு மறுதேதியும் அளிப்பதைத் தம் கடமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.