மனுப் போடத் தெரியாதவர்கள்

"ஒரு மனுவை ஒழுங்காக நிரப்பத் தெரியாதவன் காலேஜில் சேர்ந்து என்னத்தைப் படித்துக் கிழிக்கப் போகிறான்?"

வருஷா வருஷம் பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. இதைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். காலைக் காப்பியோடு பத்திரிகை படிக்கிறவர்கள்; பிள்ளைகளைப் படிக்க வைத்து உத்தியோகத்தில் அமர்த்தியவர்கள்; கதையில் வருகிற ஏழைப் பையனுக்காகக் கண் கலங்குகிறவர்கள். முரடன் எவனாவது சொல்லியிருந்தால் பேசாமல் போய்விடலாம். இப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்து வருவதால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விழுப்புரத்தில் 1968இலும், திண்டிவனத்தில் 1969இலும் அரசுக் கலைக் கல்லூரிகள் தோன்றின. அதற்கு முன்னால் இந்தச் சீமைப் பையன் பட்டம் படிக்க ஆசைப்பட்டால் சிதம்பரம், சென்னை போன்ற ஏதாவதொரு வெளியூருக்கு ரயிலேற வேண்டும். ரயிலுக்கும் ஹாஸ்டலுக்கும் பணம் இருந்தவன் போனான். இல்லாதவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு கழனிக்குப் போனான். அந்த இரண்டாமவனுக்காகக் கட்டிய கல்லூரிகள் இவை. செஞ்சிப் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையிலிருந்தும், மரக்காணத்து உப்பளத்திலிருந்தும், கரும்பு வெட்டப் போகிற குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் வருவதற்காகக் கட்டியவை. 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், கள்ளக்குறிச்சி பிரியாதிருந்த விழுப்புரம் மாவட்டத்தில் எழுத்தறிவு 72 சதவீதத்தைத் தொடவில்லை. ராஜ்யம் முழுவதற்கும் சராசரி 80. அதாவது இந்த வாசலுக்கு வருகிற பிள்ளைகளில் பலருடைய தாய் தகப்பன் தங்கள் பெயரைக் கூட எழுதத் தெரியாதவர்கள்.

இது சர்க்காருக்குத் தெரியாத ரகசியம் அல்ல. சர்க்காரே முத்திரை போட்டுக் கொடுத்திருக்கும் விஷயம். 2010ஆம் வருஷம் முதல் தொழிற்படிப்புகளில் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்குத் தாலுகா ஆபீஸில் 'முதல் பட்டதாரிச் சான்றிதழ்' வாங்க வேண்டும். அந்தக் காகிதம் என்ன சொல்கிறது? இந்தக் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் பட்டம் பெற்றதில்லை என்று சொல்கிறது. நல்ல காரியம், நான் கைகூப்பி வரவேற்கிறேன். ஆனால் ஒரு கையால் இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, மறு கையால் அதே வீட்டை நோக்கி ஒரு படிவத்தை நீட்டி, 'பட்டதாரிகள் வீட்டில் நிரப்புவதுபோல் பிழையில்லாமல் நிரப்பு, பிழையிருந்தால் தள்ளிவிடுவேன்' என்றால், அதற்கு என்ன பெயர்? வீட்டில் விளக்கில்லை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, இருட்டில் தடுக்கி விழுந்தவனுக்கு அபராதம் போடுகிற கதையாக இல்லையா?

அந்தக் கேள்வி கேட்ட கனவானை நான் ஒன்று கேட்கிறேன். ஐயா, உங்கள் பையனின் மனுவை நிரப்பியது யார்? பையனா? அவன் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தான். நீங்கள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நிரப்பினீர்கள். சந்தேகம் வந்தபோது மைத்துனருக்கு டெலிபோன் செய்தீர்கள். எந்தக் காலேஜ் முதலில், எந்தப் பாடம் இரண்டாவது என்பதை அடுத்த வீட்டுப் புரொபஸர் சொன்னார். கடைசியில் ஒருமுறை உங்கள் மனைவி சரிபார்த்தாள். நான்கு படித்தவர்கள் சேர்ந்து நிரப்பிய காகிதத்தையும், ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தனியாக நின்று நிரப்பிய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது கெட்டிக்காரத்தனம், அது மக்குத்தனம் என்று தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

அந்தப் பிள்ளை எங்கே நின்று நிரப்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை, அதற்குள்ளேயே பிரவுசிங் சென்டர். மே மாதத்து வெயிலில் தகப்பனும் மகளும் வரிசையில் நிற்கிறார்கள். கடைப் பையன் விரல்கள் பறக்கின்றன.

"அய்யா, போன் நம்பர் சொல்லுங்க. ஓ.டி.பி. வரும்."

"எங்க ஊட்ல இருக்கிறது பட்டன் போனு தம்பி. அதுவும் சார்ஜு நிக்கறதில்ல. உன் நம்பரையே போட்டுக்கயேன்."

போட்டுக்கொள்கிறான். இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு கல்லூரி அந்தப் பெண்ணுக்கு அனுப்புகிற ஒவ்வொரு சேதியும் கடைப் பையன் சட்டைப் பைக்குத்தான் போகும். 'உன் சான்றிதழ் சரியில்லை, மூன்று நாளில் மாற்று' என்று வந்தாலும் அங்கேதான். நாளைக்கு ஐம்பது பேருடைய தலைவிதி வந்து விழுகிற அந்தப் போனில் அவன் எதையென்று பார்ப்பான்? மனுவின் விலை ஒன்றும் அதிகமில்லை. 2020இல் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையவழி விண்ணப்பம் வந்தபோது கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டுமே. வாசல் கட்டணம் இரண்டு ரூபாய்தான். வாசலை அடைகிற வழிதான் எவன் கையிலோ இருக்கிறது.

பெயர்த் தொல்லை வேறு. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். கம்ப்யூட்டருக்கோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு வேண்டும். தமிழில் லட்சுமி என்றால் ஒரே லட்சுமிதான். ஆங்கிலத்தில் எழுதும்போது பள்ளிக்கூடத்து வாத்தியார் 'கே எஸ் ஹெச்' போட்டிருப்பார். ஆதார் எடுக்க வந்தவன் ஓர் 'எக்ஸ்' போட்டு முடித்திருப்பான். டி.சி.யில் ஒரு லட்சுமி, ஆதாரில் இன்னொரு லட்சுமி, சாதிச் சான்றிதழில் மூன்றாவது லட்சுமி. மூன்று காகிதமும் எழுதியது சர்க்கார். எழுதிய கைகள் மூன்றும் சர்க்காரால் அமர்த்தப்பட்டவை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் மட்டும் லட்சுமி.

இந்த இடத்தில் இன்னொரு பெயர் மாற்றத்தை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். விழுப்புரம் கல்லூரி ஆரம்பத்தில் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக் கழகம் வந்ததும் அதன் கீழே போயிற்று. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்துக்கென்றே ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக் கழகத்துக்குச் சட்டம் இயற்றினார்கள். ஆட்சி மாறிற்று, அதே வருஷம் ஆகஸ்டில் அதைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தோடு இணைக்க இன்னொரு சட்டம் வந்தது. ஒரே வீட்டில் சித்தப்பா, அண்ணன், தங்கை மூவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்களாக இருக்கலாம். மூவரின் பட்டத்திலும் மூன்று பல்கலைக் கழகங்களின் பெயர் இருக்கும். கட்சிகளின் வழக்கில் எனக்கு அக்கறையில்லை. நான் கேட்பது வேறு. ஒரு சர்வகலாசாலையே ஒரே வருஷத்தில் பிறந்து வேறொன்றில் கரையலாம், அது சட்டம். ஒரு பெண்ணின் பெயரில் ஓரெழுத்து இடம் மாறினால் அது மட்டும் குற்றமா?

இனி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரைத் திட்டுவது நமக்குச் சுலபமான பொழுதுபோக்கு. 'குமாஸ்தா புத்தி' என்கிறோம். அவர் செய்கிற வேலை என்னவென்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா? மதிப்பெண்ணைச் சரிபார்க்க வேண்டும், டி.சி.யைப் பார்க்க வேண்டும். வகுப்பைப் பார்க்க வேண்டும். இந்த ராஜ்யத்தில் நூற்றுக்கு 31 இடம் பொது. மீதி 69இல் பிற்பட்டோருக்கு இருபத்தாறரை, பிற்பட்ட முஸ்லிம்களுக்கு மூன்றரை, மிகவும் பிற்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு ஒன்று. எத்தனையோ வருஷப் போராட்டத்தில், வழக்குகளில், உயிர்ப்பலிகளில் பிறந்த எண்கள் இவை. அத்தனை சரித்திரமும் கடைசியில் வந்து சேர்வது, ஜூன் மாதத்துப் புழுக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவரின் கைக்குத்தான். அவர் ஒரு கட்டத்தில் தவறான குறி போட்டால், ஒரு பிள்ளை தன் வரிசையை விட்டு வேறு வரிசைக்குப் போய்விடுகிறது. சட்டசபை கொடுத்ததை ஒரு பேனா முனை எடுத்துவிடுகிறது.

இதைக் குமாஸ்தா வேலை என்று யார் சொன்னது? ஒரு கல்லூரி செய்கிற வேலைகளிலேயே தலையாய வேலை இதுதான். பாடம் நடத்துவதும் பரீட்சை வைப்பதும் உள்ளே வந்தவர்களுக்கு. யார் உள்ளே வருவது என்று தீர்மானிக்கிற வேலையை மட்டும், 'இதையும் கொஞ்சம் பாருங்கள்' என்று மற்ற வேலைகளின் தலையில் கட்டிவிடுகிறோம். அந்த மேஜையில் இரண்டு விதமானவர்களைப் பார்க்கலாம். ஒருவர் பிழையைக் கண்டதும், 'ஏம்மா, உன் சான்றிதழில் அப்பா பேரு தப்பா இருக்கே, நாளைக்குள் மாத்திக் கொண்டு வந்துடு' என்று கூப்பிட்டுச் சொல்வார். மற்றவர் பிழையைக் கண்டதும் காகிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். இருவருக்கும் ஒரே சம்பளம். இரண்டாமவருக்கு வேலையும் சீக்கிரம் முடியும். ஒரு பிள்ளையின் எதிர்காலம் இந்த இருவரில் யார் முன்னால் காகிதம் விழுகிறது என்பதைப் பொறுத்தது என்றால், அதற்கு லாட்டரிச் சீட்டு விற்கலாமே!

'அப்படியென்றால் விதியே வேண்டாமா? கெடுவே வேண்டாமா? மறுபடியும் சிபாரிசுக் கடிதமும் கைக்கூலியும் வந்துவிடாதா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொறியியல் படிப்புக்கு ஒற்றைச் சாளர முறை வந்ததால் மந்திரி வீட்டு வாசலில் நின்ற காலம் போயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2018க்கு முன்னால் திண்டிவனத்துப் பையன் தகப்பனைக் கூட்டிக்கொண்டு கவுன்சலிங்குக்கு அண்ணா பல்கலைக் கழகம் வரை போக வேண்டியிருந்தது. இணையவழி வந்ததும் அந்த அலைச்சல் ஒழிந்தது. உதவி மையங்களும் வைத்திருக்கிறார்கள். 2022இல் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. கல்லூரியில் சேராமல் நின்றுவிட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடித்து 'உயர்வுக்குப் படி' என்று முகாம்களும் நடத்தியிருக்கிறார்கள். இவற்றை நான் மறைக்கவில்லை. தொலைந்தவர்களைத் தேட முகாம் போடுகிறவர்கள், வாசலுக்கு வந்தவர்களைத் தொலைக்காமல் இருந்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

மதிப்பெண்ணில் இரக்கம் காட்டச் சொல்லவில்லை. தரவரிசையில் அரை மார்க் கூட யாருக்காகவும் நகர வேண்டாம். ஆனால் தரவரிசை வேறு, காகிதம் வேறு. முன்னது அந்தப் பிள்ளை பன்னிரண்டு வருஷம் படித்த படிப்பு. பின்னது தாலுகா ஆபீஸும் ஜெராக்ஸ் கடையும் சேர்ந்து எழுதிய எழுத்து. இரண்டாவதில் உள்ள பிழைக்காக முதலாவதை அடித்துப் போடுவது விதியைக் காப்பது ஆகாது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2024இல் தேசம் முழுவதும் பேசிய ஒரு வழக்கே போதும். உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்தில் தினக்கூலிக்காரர் ஒருவரின் மகன், தலித் குடும்பம். தன்பாத் ஐ.ஐ.டி.யில் எலெக்ட்ரிகல் என்ஜினீயரிங் இடம் கிடைத்தது. ஜூன் 24ஆம் தேதி மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பம் பணத்தைப் புரட்டிச் சேர்ப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கம்ப்யூட்டர் கதவைச் சாத்திக்கொண்டது. அந்தப் பையன் ஜார்க்கண்டு சட்ட உதவிக் குழுவிடம் போனான். அந்த வருஷத்துப் பரீட்சையை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தான். கடைசியில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனான். செப்டம்பர் 30ஆம் தேதி பிரதம நீதிபதியின் பெஞ்சு, அரசியல் சட்டத்தின் 142ஆவது ஷரத்தை எடுத்து, அவனைச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டது. நீதி கிடைத்தது, சந்தோஷம். ஆனால் ஒரு மேஜைக்காரர் ஒரு டெலிபோனில் முடித்திருக்கக்கூடிய காரியத்துக்கு, மூன்று மாதமும் நாட்டின் தலைமை நீதிமன்றமும் வேண்டியிருந்தன. செஞ்சியிலிருந்து டெல்லிக்கு எத்தனை லட்சுமிகள் போவார்கள்?

ஆகவே நான் கேட்பவை இவைதான். காகிதக் குறைக்காக எந்த மனுவையும், அதை அனுப்பிய பிள்ளையோடு ஒரு மனிதர் பேசுவதற்கு முன்னால் தள்ளக் கூடாது. போனில் பிடிக்க முடியாவிட்டால் அது படித்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியருக்குச் சொல்ல வேண்டும். தள்ளினால் காரணத்தைத் தமிழில் எழுதி, தள்ளியவர் பெயரையும் போட்டு, திருத்திக்கொள்ள நாள் கொடுக்க வேண்டும். சர்க்கார் கொடுத்த சான்றிதழைச் சர்க்காரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பொறியியல் சேர்க்கையில் மதிப்பெண்ணைத் தேர்வுத் துறையிலிருந்து நேரே எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு, தாசில்தார் ஆபீஸ் சான்றிதழை நம்பர் வைத்துத் தேடிக்கொள்ளத் தெரியாதா? மனுவை, பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை விட்டுப் போகுமுன் பள்ளிக்கூடத்திலேயே, அதை அறிந்த வாத்தியார் பக்கத்தில் நின்று நிரப்ப வேண்டும். சேர்க்கை மேஜையில் உட்காருகிறவருக்கு அந்த மாதம் அது ஒன்றே வேலையாக இருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றுக்கும் புதுக் கட்டடம் வேண்டாம். திறப்பு விழா வேண்டாம். அதனால்தான் நடக்காமல் இருக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அதுவரைக்கும் நம்மால் ஆகக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளின் மகளோ, தெருமுனையில் துணி தேய்க்கிறவரின் பையனோ இந்த வருஷம் பிளஸ் டூ பாஸ் செய்திருப்பார்கள். மனுப் போடத் தெரிந்தவர் என்று பெருமைப்படுகிற நீங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அந்தப் பிள்ளையோடு உட்காருங்கள். அதனுடைய நம்பர் இல்லாவிட்டால் உங்கள் நம்பரைக் கொடுங்கள். சேதி வந்தால் மறக்காமல் போய்ச் சொல்லுங்கள்.