கொல்லைச் சரிவும் கீழ்வீட்டாரும்

மலையில் வீடு கட்டுவோர் பலர் கொல்லைச் சரிவைச் செங்குத்தாக வெட்டி, சிமெண்டுச் சுவர் எழுப்பினால் போதும் என்று எண்ணுகின்றனர். அது போதாது. 2009 நவம்பர் பெருமழையில் நீலகிரியின் மண்சரிவுகள் 40க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததை நாம் மறக்கலாகாது.

சரிவின் குறுக்கே படிப்படியாகத் தளம் அமைத்தல் வேண்டும். ஒவ்வொரு படியும் மலைப்பக்கம் சற்றே தாழ்ந்து, அங்குள்ள வடிகால் ஓடையில் சேரட்டும். சுவரின் பின்னே நீர் தேங்கினால் சுவரே சாயும். ஆகவே நீர் கசிய இடைவெளி விட்டுக் கல் அடுக்குக. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் படி விளிம்பில் வெட்டிவேர் நடலாம். அதன் வேர் ஆழ இறங்கி மண்ணைப் பிடிக்கும். கேரட்டையும் உருளைக்கிழங்கையும் குறுக்கு வரிசையிலேயே பயிரிடுக.

கொல்லை நம்முடையதே, ஆனால் அது சரிந்து விழுவது கீழ்வீட்டார் கூரைமீது. படி அமைக்கும் செலவை நாம் தவிர்த்தால், அதற்கு விலை கொடுப்பவர் அவரே.