நலவாழ்வுப் பக்கம்: கட்டிலடி அட்டை சொல்லும் நிறங்கள்



இங்கிலாந்தில் எம்மவர் ஒருவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை தாதி வந்து கையில் பட்டி கட்டி, விரலில் கிளிப் மாட்டி, எதையோ குறித்துக்கொண்டு போவதைக் காண்பீர்கள். "ஒன்றும் சொல்லாமல் போகிறாவே, என்னவாயிருக்கும்?" என்று வீட்டார் கவலைப்படுவதுண்டு. அவர் என்ன குறிக்கிறார், அதில் எங்கள் பங்கு என்ன என்பதை இம்முறை பார்ப்போம்.

அந்த அட்டைக்கு இங்கே "நியூஸ் 2" என்று பெயர். தேசிய முன்னெச்சரிக்கைப் புள்ளி என்று சொல்லலாம். முன்பு வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வெவ்வேறு அட்டைகள் இருந்தன. ஓரிடத்துத் தாதி இன்னோரிடம் போனால் புதிதாகப் பழகவேண்டும். இதனால் றோயல் கொலிஜ் ஒவ் பிசிஷியன்ஸ் என்னும் வைத்தியர் கல்லூரி 2012 இல் எல்லோருக்கும் பொதுவான அட்டை ஒன்றை வெளியிட்டு, 2017 டிசம்பரில் அதைத் திருத்தியது. இன்று பல இடங்களில் இது கடதாசியில் அல்ல, கணினித் திரையில் இருக்கிறது. முறை ஒன்றுதான்.

மூச்சு வேகம், குருதியிலுள்ள ஒட்சிசன், குருதி அமுக்கம், நாடித்துடிப்பு, உடல் வெப்பநிலை, நினைவுநிலை ஆகிய ஆறையும் அளக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. வழமையான அளவு என்றால் வெள்ளைக் கட்டம், 0 புள்ளி. விலக விலக மஞ்சள் 1, செம்மஞ்சள் 2, சிவப்பு 3. ஒட்சிசன் கொடுக்கப்பட்டால் அதற்கும் 2 புள்ளி. மொத்தம் 5 ஆனால் வைத்தியர் அவசரமாக வந்து பார்க்கவேண்டும். 7 அல்லது மேல் என்றால் தீவிர சிகிச்சையில் தேர்ந்தவர்களையும் அழைக்கவேண்டும். ஏதாவது ஒன்றுக்கு மட்டும் 3 விழுந்தாலும் வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும்.

ஏன் நிறம்? இலக்கங்களை வரிசையாக எழுதி வைத்தால், நள்ளிரவில் பல நோயாளரைப் பார்க்கும் வைத்தியரின் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். நிறக் கட்டங்களில் புள்ளி வைத்துக் கோட்டால் இணைத்தால், நேற்று வெள்ளையில் இருந்தவர் இன்று சிவப்பை நோக்கிப் போகிறார் என்பது ஒரு பார்வையில் விளங்கும்.

ஓர் உதாரணம். நெஞ்சுச் சளியோடு அனுமதிக்கப்பட்ட ஓர் அம்மம்மாவுக்கு மூச்சு நிமிடத்துக்கு 22 (2 புள்ளி), ஒட்சிசன் 95 (1), நாடி 96 (1), வெப்பநிலை 38.2 (1), குருதி அமுக்கம் 118 (0), நினைவு தெளிவு (0). தனித்தனியே பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. கூட்டினால் 5. அவசரம்.

எங்கள் பங்கு வருவது அந்தக் கடைசி அளவில், நினைவுநிலையில். 2017 திருத்தத்தில் புதிதாக ஏற்பட்ட மனக்குழப்பத்துக்கு 3 புள்ளி என்று சேர்த்தார்கள். அந்த அம்மம்மா குழம்பியிருந்தால் மொத்தம் 5 அல்ல, 8. ஆனால் தமிழ் மட்டும் பேசும் ஒருவர் குழம்பியிருக்கிறாரா என்பது தாதிக்கு எப்படித் தெரியும்? எங்கள் முதியவர்கள் எது கேட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டி "ஓம், ஓம்" என்பார்கள். அதைத் தெளிவு என்று பதிந்துவிடலாம். "ஷெல் வருகுது, பங்கருக்குள்ளே ஓடுங்கோ" என்று ஓர் அப்பப்பா சொன்னால், அது விளங்காத ஒரு மொழியில் ஒரு வசனம், அவ்வளவுதான். அந்த 3 புள்ளியை வீட்டாரும் மொழிபெயர்ப்பாளருமே வெளியே கொண்டுவர முடியும்.

ஆகவே கவனியுங்கள்: பிள்ளைகளின் பெயரை மாற்றிச் சொல்வது, இறந்தவரைக் கூப்பிடுவது, இருக்குமிடம் தெரியாதிருப்பது, வழமைக்கு மாறாகப் பகலில் தூங்கி வழிவது. நேற்று இல்லாதது இன்று வந்திருந்தால் உடனே தாதியிடம் "திஸ் இஸ் நியூ. ஷீ இஸ் நொட் லைக் திஸ் அட் ஹோம்" என்று சொல்லுங்கள். ஆண் என்றால் "ஹீ". ஏற்கெனவே மறதி உள்ளவராயின், வீட்டில் எந்த அளவு என்பதையும் சொல்லுங்கள். "விசர் என்று நினைப்பார்கள்" என்று மறைக்கவேண்டாம். திடீர்க் குழப்பம் கிருமித்தொற்றாலோ, நீர் வற்றுவதாலோ, மருந்தாலோ வரக்கூடிய உடல்நோயின் அறிகுறி. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். என்.எச்.எஸ். இல் அதற்குக் கட்டணம் இல்லை.

இன்னொன்று. விரல் கிளிப் கருமையான தோலில் ஒட்சிசனைக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2024 மார்ச்சில் இங்கு வெளியான சுயாதீன அறிக்கையும் சொல்லியிருக்கிறது. இலக்கம் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் அதையும் சொல்லுங்கள்.

இந்த அட்டை 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரியதல்ல. பிள்ளைகளுக்கென இங்கிலாந்தில் 2023 நவம்பரில் வந்த பொது அட்டையில், பெற்றோரின் கவலையைப் பதியவே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

சொல்லியும் கேட்காவிட்டால்? மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி 2021 இல் குருதியில் பரவிய கிருமித்தொற்றால் இறந்தாள். நிலை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. நேரத்தோடு தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று 2022 மரண விசாரணையில் தெரியவந்தது. அதன் பயனாக 2024 முதல் இங்கிலாந்து வைத்தியசாலைகளில் "மார்த்தாவின் விதி" நடைமுறைக்கு வந்தது. நோயாளரோ வீட்டாரோ, அந்த வாட்டைச் சேராத வேறொரு வைத்தியக் குழு வந்து பார்க்கவேண்டும் என்று இரவு பகல் எந்நேரமும் கேட்கலாம். அதற்கான தொலைபேசி இலக்கம் வாட்டுச் சுவரில் இருக்கும். இல்லையேல் "மார்த்தாஸ் றூல்" என்று கேளுங்கள். இது சண்டை அல்ல, உரிமை.

கட்டிலுக்கு மேலுள்ள சிறு அறிவிப்புகளையும் பாருங்கள். "நில் பை மௌத்" என்றிருந்தால் தண்ணீர்கூட வாயால் கொடுக்கக்கூடாது. பிளாஸ்கில் கொண்டுபோன கஞ்சியானாலும், அன்போடு கொடுத்தாலும், அது சுவாசப்பைக்குள் போய்விடலாம். கையிலே சிவப்புப் பட்டி இருந்தால் பெரும்பாலும் ஒவ்வாமை எச்சரிக்கை. ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தும் சிவப்புப் பட்டி இல்லையென்றால் கட்டாயம் சொல்லுங்கள்.

நிறங்கள் வைத்தியரின் கண்ணுக்கு. அந்த நிறம் சரியாக விழுவதற்கு வேண்டிய ஒரு செய்தி உங்கள் வாயில் இருக்கிறது. ஆங்கிலம் திக்கினாலும் சொல்லத் தயங்கவேண்டாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.