பழைய விளக்கை எப்போது அணைப்பது?

கணிப்பொறியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே வியக்கின்றனர். வேகத்தினும் பெரிய பண்பு ஒன்று உண்டு: பணி தடைபடாமல் தன்னைத் திருத்திக்கொள்வது.

எந்த வழியில் வரும் வேண்டுகோளை ஏற்பது, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு இடமளிப்பது என்பன போன்ற கட்டளைகளைச் சர்வர் பொதுவாக ஓர் அமைப்புக் கோப்பிலிருந்து படித்தே பணியைத் தொடங்குகிறது. அக்கட்டளைகளை மாற்ற நேர்ந்தால் என்ன செய்வது? சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்குவது எளிய வழி. ஆனால் எளிய வழியெல்லாம் நல்ல வழியாகுமா?

நமது ஜவ்வாது மலையையே எண்ணிப் பாருங்கள். உள்ளடங்கிய சிற்றூரிலிருந்து ஒரு மாணவி, சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஜமுனாமரத்தூர் இ-சேவை மையத்துக்கு வருகிறாள். விண்ணப்பத்தை அனுப்பும் நொடியில் எங்கோ ஒருவர் சர்வரை நிறுத்தினால், அது நடுவழியில் அறுந்துபோகும். நகரத்தில் இருப்பவர் மறுபடி முயல்வார்; கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவள் என்ன செய்வாள்?

இதற்கு நல்ல விடை ஏற்கெனவே உண்டு. 2004-இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ் என்னும் சர்வர் மென்பொருளுக்கு ‘ஹப்’ என்னும் சைகை அனுப்பினால், அது முதலில் புதிய கோப்பைச் சோதிக்கிறது. பிழை இருந்தால் பழைய அமைப்பிலேயே பணியைத் தொடர்கிறது. பிழை இல்லையெனில் புதிய பணியாளர்களைத் தொடங்குகிறது. பழைய பணியாளர்கள் கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு விலகுகின்றனர். புதிய விளக்கு எரிந்த பின்னரே பழைய விளக்கு அணைகிறது.

கோப்பு மாறியவுடன் தானே எடுத்துப் படிக்கும் சர்வர்களும் உண்டு. பாதி எழுதிச் சேமித்ததையும் முழுமை என்று அவை நம்பிவிடக்கூடும். ஆகவே, பொறுப்பாளர் சொன்ன பின்பே படிப்பது நன்று.

“பிழையைக் கண்டதும் நின்றுவிடுவதன்றோ நேர்மை?” என்று சிலர் கேட்கலாம். முதன்முதல் தொடங்கும்போது அது சரி. பலர் நம்பியிருக்கும் வேளையில் அது பொறுப்பின்மை. ஆனால் அவர்கள் அச்சத்திலும் ஓர் உண்மை உண்டு. பழைய அமைப்பிலேயே மௌனமாக ஓடும் சர்வர், ஒரு நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பும்போது அந்தப் பிழைக் கோப்பைத்தான் படிக்கும், எழ மறுக்கும். எனவே “உன் கோப்பை ஏற்கவில்லை, பிழை இந்த வரியில்” என்று அது உடனே உரக்கச் சொல்லியாக வேண்டும். மறுத்ததை மறைப்பது, மறுக்காததினும் தீது.

சோதனை மட்டும் போதுமா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு அமைப்புக் கோப்பு, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் விமானமேறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். அக்கோப்பும் சோதனையைத் தாண்டி வந்ததே! 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே வந்ததைச் சோதிக்கும் நிரல் காணவில்லை. புதியதை முதலில் சிலவற்றில் ஏற்றிப் பார்த்திருந்தால் சேதம் சிறிதாகியிருக்கும். மண்குதிரையை நம்பி ஒருவர் ஆற்றில் இறங்குவது வேறு, ஊரே இறங்குவது வேறு.

சோதித்து ஏற்க வேண்டும். ஏற்காவிடில் சொல்ல வேண்டும். பாதி வேலையில் எவரையும் கைவிடலாகாது. நாளை நிரல் எழுதப்போகும் மாணவ நண்பர்கள் இம்மூன்றையும் சலுகையாக அல்ல, கடமையாகவே கொள்ள வேண்டும்.